ரிப்பன் வெட்டிய படம்

படத்தில் எல்லோருடைய முகமும் விழுந்திருந்தது. சாந்தாமணியின் முகம் மட்டும் இல்லை.

நடுவில் கத்தரிக்கோலும் கையுமாக அவள் கொழுந்தனாரின் மனைவி நந்திதா. ஒரு பக்கம் மாமனார் ஐயாசாமி. மறுபக்கம் கொழுந்தனாரும் சாந்தாமணியின் கணவர் சுப்பண்ணனும். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பின்னால் கதவோரத்தில் ஒரு பட்டுப்புடவை நின்றது. கழுத்துக்கு மேலே ஒரே கறுப்பு.

பெரிதாக்கிய படத்தை வாங்கிப்போகத்தான் சாந்தாமணி பீளமேட்டிலிருந்து பஸ் ஏறி யாகூப் பாயின் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். கண்ணாடி போட்டுப் பட்டறையின் ஆபீஸ் அறையில் மாட்டப்போகிறார்கள். இனி வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து பதினாறு வருஷம். வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் ஒரே ஒரு லேத் ஓடிய காலத்திலிருந்து ஆட்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள்.

நந்திதா வந்து இரண்டு வருஷம்தான். புதுப் பட்டறைக்கு 'நந்திதா இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று போர்டு எழுதினார்கள்.

திறப்பு விழாவன்று கத்தரிக்கோல் தட்டு வந்தபோது சாந்தாமணியின் கை தானாகக் கொஞ்சம் நீண்டது. தட்டு அவளைத் தாண்டிப் போயிற்று.

"ஏனுங்க பாய், என்ற மூஞ்சிய எங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?"

"நீங்க நின்ன எடம் இருட்டுங்க அம்மணி. வாசல்ல நல்ல வெயிலு." யாகூப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் நகராமல் நின்றாள்.

"உங்க வீட்டுச் சின்ன அம்மணி புதன்கிழமை வந்திருந்தாங்க," என்றார் கடைசியில். "அவங்கதான் அந்த எடத்த இருட்டாப் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க."

சாந்தாமணிக்குக் காது மடல் சுட்டது.

போர்டில் பெயர் போதவில்லை. கத்தரிக்கோல் போதவில்லை. சுவரில் ஒரு மூலையில் நிற்பதுகூடப் பொறுக்கவில்லை அவளுக்கு.

"நெகட்டிவ் இருக்குதில்லீங்க? மறுபடி போடுங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

"இதே நல்லாத்தானுங்க இருக்குது."

"போடுங்க பாய்."

யாகூப் பெருமூச்சு விட்டுக் கறுப்புத் திரையை விலக்கினார். "நெகட்டிவுல எல்லாமே இருக்குமுங்க. எதக் காட்டறது, எத மறைக்கறதுங்கறதெல்லாம் பிரிண்டு போடறப்பத்தான்."

இருட்டறையில் சிவப்பு பல்பு எரிந்தது. மருந்து நெடி மூக்கில் ஏறியது. அவர் வெள்ளைத் தாள்மேல் வெளிச்சத்தை விழவிட்டு, கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையால் ஓரிடத்தை மட்டும் மறைத்து மறைத்து எடுத்தார். அவள் நின்ற இடம் அது; வெளிச்சம் குறைந்தால் அங்கே கறுப்பும் குறையும். பிறகு தாளை மருந்துத் தட்டில் நழுவவிட்டார்.

முதலில் கத்தரிக்கோல் வந்தது. அப்புறம் நந்திதாவின் சிரிப்பு. மாமனாரின் துண்டு.

கடைசியாகக் கதவோரம் மெல்லத் தெளிந்தது.

அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்ததாகத்தான் சாந்தாமணி நினைத்திருந்தாள்.

தட்டில் கிடந்த முகம் சிரிக்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. உதடு மடங்கி, மூக்கு விடைத்து, நந்திதாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கணம் அந்தக் கழுத்தில் கை வைக்கப்போகிறவளின் பார்வை.

மருந்து மெல்ல அலைந்தது. முகமும் அலைந்தது. பார்வை மட்டும் நகரவில்லை.

"இத அவ பாத்தாளா?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பாத்தாங்க. மொதல்ல நான் இப்படித்தானுங்க போட்டுக் குடுத்தேன்." யாகூப் தட்டையே பார்த்தபடி சொன்னார். "ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்பறம் நாலாக் கிழிச்சுப்போட்டாங்க. மாமா கண்ணுல பட்டா அக்காளுக்குத்தான் சங்கடம்னாங்க. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னாங்க."

சாந்தாமணி தாளைத் தட்டிலிருந்து எடுத்துக் கசக்கி முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். துணியில் ஈரம் ஊறியது.

இருண்ட படத்தையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நல்ல வெயில். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

நந்திதாவின் இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தாள். நேராக மாமனாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பாள். அதில் சந்தேகமே இல்லை.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

இதிலும் நந்திதாதான் ஜெயித்திருந்தாள்.