வெந்நீர் பதம்

கெட்டில் கொதித்துக் கூவியது. நடிகை அதைத் தூக்கி, மேஸ்திரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சமையலறை வாசலில் இருந்த தொட்டியில் கவிழ்த்தாள்.

குப்பென்று ஆவி.

பிறகு தொட்டியை அவர் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

நடிகை என்றதும் சினிமாவைத் தேடாதீர்கள். மீன் கொட்டகையில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் உரித்தவள். பட்டம் கொடுத்தவரே அங்கே வேலை வாங்கிய இந்த மேஸ்திரிதான்.

கையுறை கேட்டாள், கிடைக்கவில்லை. விரல்கள் மரத்தன. வேலை போன பிறகும் மரப்பு போகவில்லை. மழை தூறினாலே விரல் வெளுத்து நீலம் பாரிக்கும். போர்வைக்குள் போனால் தீயாய் எரியும். சட்டைப் பொத்தான் போட மகள் வர வேண்டும்.

நஷ்ட ஈட்டு விசாரணையில் மேஸ்திரி நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "விரல் கறுத்துச்சா? அழுகி விழுந்துச்சா? பத்தும் பத்திரமா இருக்கு. சூடு குளிர் எல்லாம் தெரியும். சுத்த நடிப்புங்க."

தெரு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தெருவுக்கு வேறென்ன வேலை? அவள் பெயரே மறந்துபோயிற்று.

இப்போது மேஸ்திரிக்கு இடுப்பெலும்பு முறிந்து நாற்காலிவாசம். வீங்கிய காலை வெந்நீரில் வைத்துப் பிடித்துவிட ஆள் தேடினாள் புது மருமகள். வந்து நின்றவள் நடிகை.

"இவங்க கை நல்ல கைதானே மாமா?"

ஊரறியச் சொன்னதை விழுங்க முடியுமா? "ம்" கொட்டினார்.

அந்த "ம்"தான் இன்று ஆவியாய்ப் பறந்தது.

நடிகை மணிக்கட்டுவரை கையை விட்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"பதமா இருக்குங்க ஐயா. வைங்க காலை."

குதிகாலைப் பிடித்தாள். மேஸ்திரி மருமகளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். மானமா, காலா? கட்டைவிரல் தண்ணீரை நெருங்கியது.

"ஐயோ, விடச் சொல்லும்மா! அவ கையில உணர்ச்சியே கிடையாது! ஐஸ்ல செத்த கை அது, எனக்குத் தெரியும்!"

தெருப்பக்கச் சன்னல் விரியத் திறந்திருந்தது. காலையில் வந்ததும் நடிகை செய்த முதல் வேலை அது. எதிர்வீட்டுப் படியில் பேச்சு நின்றது.

பதறிய மருமகள் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"வெதுவெதுன்னுதானே இருக்கு மாமா! பாதிக்கு மேல பச்சைத்தண்ணி கலந்திருக்காங்களே!"

நடிகை எழுந்தாள். துண்டை எடுத்து, முதலில் நனைந்திருந்த முழங்கையைத் துடைத்தாள்.

அவளுக்குச் சூடு தெரிவது அங்கேதான்.