முந்தானையில் ஒரு குப்பி

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்திருந்த குப்பியை வெளியே எடுத்தாள் பாஞ்சாலி. மகன் தமிழ்வாணன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடப்போகும் கீரையில் அதைக் கவிழ்த்து, மேலே எதுவும் மிதக்காதபடி மத்தால் கடைந்தாள்.

"இன்னா பாஞ்சாலி, கீரையா?" என்று ஜன்னலில் முகம் காட்டினாள் பக்கத்து வீட்டு ஞானம்மா. குப்பி சட்டென்று முந்தானைக்குள் போய்விட்டது.

"உன் புள்ள கரைஞ்சிக்கினே போறானே, பார்த்தியா? மாடி ரூம்ல இருந்த தூத்துக்குடிப் பையனும் இப்படித்தான் எளைச்சான். நோவ யாருக்கும் சொல்லாம வச்சிருந்து, கடைசில ஆம்புலன்ஸ்லதான் ஊருக்குப் போனான்."

ஞானம்மாவின் வாய் பொல்லாத வாய்தான், ஆனால் சொன்னதில் பொய் இல்லை. ஒரகடத்துக் கம்பெனியில் லைனில் நிற்கும் பிள்ளை. தட்டு நிறைய பரோட்டா போட்டாலும் போதாது என்பவன். இப்போது குட்டித் தராசு ஒன்றை வாங்கி வந்து சோற்றை நிறுத்துத் தின்கிறான். பாதித் தட்டுக்குக் காய், ஒரு முட்டை, கொஞ்சம் சுண்டல், அவ்வளவுதான்.

கேட்டால், "பட்டினி இல்லம்மா, அளவு. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெயில ரெண்டு இட்லி கலோரி கீது தெரியுமா?" என்று பாடம் நடத்துகிறான்.

அது மட்டும் என்றால் விட்டுத் தள்ளியிருப்பாள். ஒருநாள் அவன் முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டாள். இன்னொரு நாள் அவன் வாசலில் நின்று போனில் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம் சார். தெரிஞ்சா வுடாது. லேட் ஆனா உசுரு தாங்காதா சார்?"

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே கூடத்தில் கட்டிலோடு கிடக்கிறார் புருஷன் சுப்பிரமணி. ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சள். மாற்று ஈரல் கிடைத்தால் கூப்பிடுவதாகச் சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளையையும் அந்தக் கோலத்தில் பார்க்க அவளால் ஆகாது.

அதற்குத்தான் குப்பி. பதறாதீர்கள், உள்ளே இருந்தது நெய். கீரையில் நெய், சப்பாத்தி மாவில் டால்டா, சட்னியில் அரைத்துவிட்ட முந்திரி. தராசு எடையைத்தானே சொல்லும், நெய்யையா காட்டிக்கொடுக்கும்? பிள்ளை ஒன்றும் அறியாமல் அளந்து அளந்து தின்றான். அவன் கன்னம் லேசாகப் பூசியதுபோல் தெரிந்த அன்று, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள்.

பைக் வந்து நின்றது. ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருக்கிறதே என்று எழுந்தாள். உள்ளே வந்த தமிழ்வாணன் ஹெல்மெட்டைக்கூட ஒழுங்காக வைக்காமல், அடுப்படியிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது.

"வேலைக்குப் போகலம்மா. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துட்டு வரேன்."

பாஞ்சாலி அவன் பக்கத்தில் குந்தினாள். "இன்னா சொன்னாங்க?"

"எண்ணெயக்கூட ஸ்பூன்ல அளந்துதானே ஊத்தச் சொன்னேன். தெனமும் நடந்தேன். வெளிய ஒரு டீகூட சக்கரை போட்டுக் குடிக்கல. நான் எங்கம்மா தப்பு பண்ணேன்?"

"உனக்கு இன்னா நோவுடா? பெத்தவகிட்ட மறைக்காத."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"பொய் சொல்லாத! அந்தத் தூத்துக்குடிப் பையனும் இதத்தான் சொன்னான்." முந்தானையிலிருந்து குப்பியை உருவி அவன் முன்னால் வைத்தாள். அவள் முகத்தில் பயம் போய் ஒரு வீம்பு வந்திருந்தது. "நான்தான்டா தெனமும் உன் சாப்பாட்டுல நெய் கலந்தேன். உன்னச் சாவ வுட்டுடுவேனா நானு?"

தமிழ்வாணன் குப்பியை எடுத்து முகர்ந்து பார்த்தான். கூடத்தில் சுப்பிரமணி தண்ணீர் கேட்டு முனகினார். அவன் பார்வை அந்தக் கட்டிலுக்குப் போய், மெதுவாகத் தாயிடம் திரும்பியது.

"கொழுப்பு கொறையாத என் ஈரல்ல ஒரு துண்ட வெட்டி அப்பாவுக்கு வைக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."