பீட்சா கல்லுக்கு நல்லெண்ணெய்

“இந்த மூணுல எது உனக்குப் பிடிச்சிருக்கு?” என்று சஷ்டிகாவிடம் மறுபடியும் கேட்டாள்.

“எதுன்னாலும் சரிங்க.”

எதிர்பார்த்த பதில்தான். இருந்தும் வலித்தது.

கடை மேசைமேல் மூன்று பீட்சா ஓவன்கள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. எல்லாம் கரண்டில் ஓடுபவை. பெரியதன் விலைக்குச் சின்னதை இரண்டு வாங்கலாம். நடுவில் இருந்தது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் அதற்குப் பீட்சாவை வைத்துச் சுடும் கல் கிடையாது.

தையில் அவள் பூபதியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தாள். இப்போது ஆடித் தள்ளுபடி. அவருடைய மகள் சஷ்டிகா, தாயைப் பறிகொடுத்த பதினான்கு வயதுப் பெண், இன்றுவரை அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

முகம் சுளித்ததில்லை. கதவை அறைந்து சாத்தியதில்லை.

போட்டதைச் சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைப்பாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடவே மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நிற்பாள்.

தங்கமான பெண் என்றார்கள் அக்கம்பக்கத்தில். நீ கொடுத்துவைத்தவள் என்றார்கள்.

விருந்தாளிகள் எல்லா வீட்டிலும் தங்கமாகத்தான் இருப்பார்கள்.

பத்தாவது முடித்ததும் ஹாஸ்டலில் சேர்ந்துகொள்கிறேன் என்று போன வாரம் சஷ்டிகா சொன்னாள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணுக்குப் பீட்சா என்றால் உயிர் என்று பூபதி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

பூபதி டிவிகளின் பக்கம் ஒதுங்கிவிட்டார். வாங்கப் போவதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்பனையாளர் சின்ன ஓவனின் கல்லை எடுத்துக் காட்டினார். வட்டக் கல். மழமழப்பு இல்லை. செங்கல்லைத் தொட்டதுபோல விரலில் உரசியது.

“புதுக்கல்லு, மாவு ஒட்டும்,” என்றாள். “ராத்திரி நல்லெண்ணெய் தடவி ஊறப் போட்டு, காலையில அரை வெங்காயத்த வெச்சு நல்லாத் தேச்சுப் பழக்கிட்டா அப்புறம் பிரச்சினை இருக்காது.”

“சூப்பரா வருமுங்க மேடம்,” என்றார் விற்பனையாளர். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர்.

“ஐயோ!”

கத்தியது சஷ்டிகா.

“எண்ணெயா? இதென்ன தோசைக்கல்லா? இது மண்ணுல சுட்ட கல்லு. எண்ணெய ஊத்துனா அப்படியே குடிச்சுக்கும். சுவிட்சப் போட்டா வீடு பூராப் புகையாத்தான் இருக்கும். ஒண்ணு பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்டக் கேக்க மாட்டீங்களா? எப்பவும் இப்படித்தான். அன்னைக்குப் புளிக்குழம்புல உப்ப ரெண்டு தடவ போட்டீங்க. வாயில வைக்க முடியல!”

அந்தக் குழம்பை அன்று இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் இவள்தான்.

மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பூபதி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

சஷ்டிகா வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. அடுத்து அவள் வாயிலிருந்து ‘சாரிங்க’தான் வரும். வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அதை வரவிடக் கூடாது.

“அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?” என்று இவளும் குரலை உயர்த்தினாள். “வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

சஷ்டிகா கையை எடுத்தாள். கண்ணை விரித்துப் பார்த்தாள்.

“குத்தம் சொன்னா நீங்க அழுதுருவீங்கன்னு அப்பாதான் சொன்னாரு.”

“என்கிட்ட நீ அழுதுருவேன்னு சொன்னாரு!”

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூபதி வந்த வேகத்திலேயே டிவிகளுக்குத் திரும்பிவிட்டார்.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. இந்தப் பெண்ணை இங்கேயே கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது. அழுதால் பூபதி சொன்னது சரியாகிவிடும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

“சரி, எண்ணெய் வேண்டாம். எதை எடுக்கறது? வாயத் தொறந்து சொல்லு.”

“பெருசு.”

“மூணு பேருக்கு எதுக்கு வண்டிச்சக்கரமாட்ட? சின்னது போதும்.”

“சின்னதுல ஆளுக்கு ரெண்டு துண்டுகூட வராது!”

“ரெண்டு தடவ சுட்டாப் போச்சு.”

“அதுக்குள்ள மொதல்ல சுட்டது ஆறிப் போயிரும். சொன்னாப் புரியாதா உங்களுக்கு?”

“புரியுது. சின்னதுதான்.”

இதுவரை அந்தப் பெண் கேட்ட எதையும் அவள் மறுத்ததில்லை. அவளும் அந்த வீட்டில் இத்தனை நாள் விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறாள்.

சஷ்டிகா காலைத் தரையில் ஓங்கி வைத்தாள். வெடுக்கென்று திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். கண்ணாடிக் கதவை அவள் தள்ளிய தள்ளில் அது இரண்டு முறை ஆடி நின்றது.

விற்பனையாளர் கல்லைப் பெட்டிக்குள் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

“பாப்பா கோச்சுட்டுப் போகுதுங்க மேடம். பெருசுக்கே பில் போட்டறலாங்களா?”

“வேண்டாம். சின்னதையே போடுங்க.”

“ரொம்பக் கோவக்காரப் பொண்ணாட்ட இருக்குதுங்க.”

அவள் வாசலைப் பார்த்தாள். வெளியே சஷ்டிகா கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டி, காரின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க,” என்றாள். பெருமையை மறைக்க முடியவில்லை. “வீட்ல இதவிட மோசம்.”