யார் வைத்த சேனை?

“மூணு நாளைக்குத் தாய்ப்பால் ஆகாது அம்மிணி. சீம்பாலைப் பீச்சிக் கீழ ஊத்திரு. சக்கரத் தண்ணிச் சேனைய நான் வெச்சுடறேன்!”

சாத்திய கதவுக்கு வெளியே சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய பாலாடைச் சங்கும் கையுமாக நின்றார் பொங்கியண்ணன். விடியற்காலையில் மகள் பழனாத்தாளுக்கு ஆண் குழந்தை. அந்தச் சந்தோஷத்தில் தன் பனியன் கம்பெனியின் நாலு மிஷினுக்கும் லீவு விட்டுவிட்டார்.

முதல் சேனை யார் கையால் வைக்கிறார்களோ, அவர் குணம்தான் குழந்தைக்கு வரும். பேரன் தன்னைப் போலச் சுறுசுறுப்பாக வர வேண்டும். அது ஒன்றுதான் அவர் ஆசை.

“இருங்கப்பா. காங்கேயத்துல இருந்து எங்க மாமாவும் வந்துரட்டுமுங்க. அவங்க இல்லாம வெச்சா சங்கடப்படுவாங்க” என்றாள் பழனாத்தாள் உள்ளிருந்து.

மாமனார் மேல் என்ன மரியாதை! பொங்கியண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே காங்கேயத்துக்கு ஆள் அனுப்பினார்.

“அதுவரைக்கும் புள்ள பசியில கத்துமே கண்ணு?”

“கத்தலீங்களேப்பா.”

உண்மைதான், சத்தமே இல்லை. பிறந்த அன்றே இவ்வளவு பொறுமையா! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து மணி பஸ்ஸில், மாடு கன்று வளர்க்கும் சம்பந்தி செங்கோட்டையன் வந்து இறங்கினார். மனுஷர் எதற்கும் அவசரப்படாத நிதானஸ்தர். சேனையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

“அப்பனைப் பெத்தவன் நான் இருக்கறேனுங்க. நான்தான் வெக்கோணும்.”

“நீங்க வெச்சா பையன் பத்து மணிக்குத்தானுங்க எந்திரிப்பான்!”

“நீங்க வெச்சா ஒரு எடத்துல உக்காந்து சோறு திங்க மாட்டானுங்க!”

“ரெண்டு பேரும் நல்லாப் பேசி முடிவு பண்ணுங்க. அவசரமே இல்லீங்க” என்றது உள்ளிருந்து குரல்.

பேசினார்கள். மேல்துண்டு இரண்டு தடவை தோளிலிருந்து இறங்கி ஏறியது. கடைசியில் ஒரே பாலாடையை இருவரும் சேர்ந்து பிடிப்பது என்று முடிவாயிற்று.

மருத்துவச்சி குப்பாயி குழந்தையைப் புதுப் பனியன் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பாலாடை உதட்டில் பட்டதும் பயல் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தார்கள். திரும்பியே பார்க்கவில்லை.

“ஐயோ, பசி மயக்கமாட்டம் இருக்குதே!” என்று பதறினார் பொங்கியண்ணன்.

குப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மயக்கமெல்லாம் இல்லீங்கப்பா” என்றாள் பழனாத்தாள். “சீம்பால் குடிக்காத கன்னு தேறாதுன்னு மாமா எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கறாங்க? கன்னுக்கு ஆகறது எம் பையனுக்கு ஆகாதுங்களா?”

பொங்கியண்ணன் பாலாடையைக் கீழே இறக்கினார்.

“அப்போ... சேனை?”

“பொறந்த அரை மணியிலயே நான் வெச்சாச்சுங்க! அவன் மூணு வேளை நிம்மதியாக் குடிக்கோணுமுன்னுதானுங்க, உங்க ரெண்டு பேரையும் வெளிய சண்டைக்கு விட்டேன்.”