பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

இந்த அக்கா என்னை எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே அவள் தன் மகனின் சட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். நாளை வீட்டைக் காலி செய்கிறாள். பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூத்திருக்கிறது. கிண்ணத்தில் உப்பு வைத்தாள், கரித்துண்டு கட்டித் தொங்கவிட்டாள், ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தாள். நான்கே நாளில் பூஞ்சை திரும்பியது, மகனுக்கு இழுப்பும் கூடவே வந்தது. அவனுக்கு மூச்சு முட்டிய அன்று தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் வீட்டுக்காரியான இதே அக்காதான். அக்கா இன்று கொளுத்தி வைத்த ஊதுபத்திப் புகையையும் அறையின் ஈரத்தையும் சேர்த்து மின்விசிறி அரைத்துக்கொண்டிருக்கிறது. வீடு பார்க்க வந்த பெண், தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு, வாசலிலேயே மூக்கைச் சுருக்குகிறாள்.

"ஏதோ வாடை வருதே?"

"மூட்டை கட்டுற வீட்ல நாலு வாடை வரத்தாம்மா செய்யும். வேணும்னா மூணு வருஷம் இருந்தவளையே கேளு." அக்கா இவள் பக்கம் திரும்புகிறாள். "வீட்ல ஏதாச்சும் குறை உண்டா? நீயே சொல்லு."

அக்காவின் கண்களில் மிரட்டல் இல்லை, உரிமைதான் இருக்கிறது. குழந்தையின் திறந்த வாய் தாயின் தோளில் ஈரமாகப் பதிந்திருக்கிறது. இவள் கையிலிருந்த சட்டையைப் பிரித்து மறுபடி மடிக்கிறாள்.

"அதை மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க அக்கா."