நம்ம ஊர்ப் பிள்ளை வேண்டாம்

"தமிழ்ப் பொண்ணா? வேண்டாம் மேடம். மராத்திப் பிள்ளைங்க இருந்தா அனுப்புங்க, நாளைக்கே சேர்த்துக்கறேன்."

பக்தவத்சலம் இதைச் சொன்னது நல்ல தமிழில். அதுதான் வேதநாயகி டீச்சருக்கு இன்னும் எரிந்தது.

புனேயில், போசரி தொழிற்பேட்டையில், மின்சாரப் பேனல் செய்யும் பட்டறை பக்தவத்சலத்துடையது. தாபோடியில் ஒரு ஜூனியர் காலேஜில் டீச்சருக்கு வேலை. தொழிற்பிரிவில் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளை ஆளுக்கொரு பட்டறையில் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவது அவர் பொறுப்பு. பயிற்சி முடிக்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

எல்லோரையும் சேர்த்தாயிற்று. தேஜஸ்வினி மட்டும்தான் பாக்கி. ஒத்துக்கொண்டிருந்த கம்பெனி, பெண் பிள்ளைக்கு இங்கே சரிப்படாது என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது.

"ஏன் சார், தமிழ்ப் பொண்ணுன்னா என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்ல மேடம். அது வந்து..."

"போன பொங்கல் விழாவுல மைக்கைப் பிடிச்சு என்ன பேசினீங்க? வந்த இடத்துல தமிழனுக்குத் தமிழன்தான் துணைன்னு சொன்னது நீங்கதானே? நானும் முன் வரிசையில உட்கார்ந்து கை தட்டினேன்!"

"மேடம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க."

"கேட்டவரைக்கும் போதும் சார்."

டீச்சருக்குக் கோபம் வந்தால் எதிராளி வாயைத் திறக்க முடியாது. காலேஜில் பிரின்சிபாலே ஒதுங்கிப் போவார். தேஜஸ்வினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"பின் சந்துல ஷிண்டேன்னு ஒருத்தர் பட்டறை இருக்கு. அங்க கேட்டுப் பாருங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பிச்சைக்காரனை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்புகிறான் பார் என்று டீச்சர் பல்லைக் கடித்தார்.

வாசலில் தேஜஸ்வினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த வருஷம் போச்சுன்னா படிப்பு போதும்னு பப்பா சொல்லிட்டாரு மிஸ். சேலம் அனுப்பிடுவாங்க. அங்க மாமா வீட்டுல... ஷாதி பேச்சு ஆரம்பிச்சாச்சு."

பதினேழு வயசுக்குக் கல்யாணமா! ரோஷம் பார்க்கிற நேரமா இது? பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு டீச்சர் ஷிண்டே பட்டறைக்குள் நுழைந்தார்.

ஷிண்டே பெரிய மீசைக்காரர். டீச்சர் இந்தியில் ஆரம்பித்த கதையைப் பாதிகூட அவர் கேட்கவில்லை.

"சேர்த்துக்கறேன் மேடம். நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. கழுத்துல துப்பட்டா தொங்கக் கூடாது, அவ்வளவுதான்."

டீச்சருக்கு நம்பவே முடியவில்லை. "உங்களை மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் ஊர்ல மழை பெய்யுது" என்று இந்தியில் சொல்லப் பார்த்தார். பாதியில் இந்தி காலை வாரிவிட்டது. ஷிண்டே சிரித்துவிட்டு, உள்ளே சால்டரிங் செய்துகொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, புதுப் பெண்ணுக்கு இடத்தைக் காட்டச் சொன்னார்.

அந்தப் பெண் தேஜஸ்வினியைவிட இரண்டு வயது பெரியவளாக இருப்பாள். நீலக் கோட்டுப் போட்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"வாங்க மிஸ், நான் அம்மு" என்றாள் தமிழில்.

"அட, நீயும் தமிழா? பாரும்மா, ஒரு மராத்திக்காரருக்கு இருக்கற மனசு நம்ம ஆளுக்கு இல்லை. அந்தப் பக்தவத்சலம் தமிழ்ப் பொண்ணே வேண்டாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டார்!"

அம்மு சிரித்தாள்.

"அவர் அப்படித்தான் மிஸ். இப்பதான் ஷிண்டே அங்கிளுக்குப் போன் பண்ணினார். ஒரு டீச்சர் கோபமா வருவாங்க, அந்தப் பொண்ணைக் கண்டிப்பா சேர்த்துக்கோன்னு."

"அந்தக் கரிசனத்தை அவரே காட்டறதுக்கு என்னவாம்?"

"அங்க மேஸ்திரியிலேருந்து எல்லாரும் மராத்தி ஆளுங்க மிஸ். தமிழ்ப் பொண்ணுன்னா போச்சு, பேசறதை எல்லாம் முதலாளிகிட்டப் போட்டுக் கொடுத்துடுவான்னு பயம். நல்லா சேர் போட்டு உட்கார வெச்சு, வேளைக்கு டீ தருவாங்க. வேலை மட்டும் சொல்லித் தர மாட்டாங்க. ஸ்க்ரூடிரைவரைத் தொட்டாலே, 'நீ இரும்மா, நான் பண்றேன்'னு பிடுங்கிப்பாங்க. நான் அங்க டீ குடிச்சே ட்ரெய்னிங்கைத் தொலைச்சேன். அப்புறம்தான் அவரே என்னை இங்க கொண்டுவந்து விட்டார்."

"முதலாளியாச்சே, அவர் ஒரு சத்தம் போட்டிருக்கலாமே? ஒரு தமிழ்ப் பொண்ணுன்னு உன்னை அங்கேயே வெச்சுக்கிட்டு சொல்லிக் கொடுக்கக் கூடாதா?"

"சத்தம் போட்டார் மிஸ். அப்பதான் அவங்களுக்குச் சந்தேகம் கெட்டியாச்சு" என்றாள் அம்மு. "தமிழ்ப் பொண்ணுன்னாலே அப்படின்னா, அவரோட சொந்தப் பொண்ணு எனக்கு யார் மிஸ் சொல்லித் தருவாங்க?"