கால் படாத இடம்

“இதுல எது நல்ல கயிறு?”

பேராசிரியர் பாமதி கேட்டதும் உதவியாளர் திரைக்கு இன்னும் அருகே குனிந்தாள். ஆய்வகத்தில் எக்ஸ்ரே எந்திரத்தை ஓட்டுகிறவளே அவள்தான்.

திரையில் இரண்டு கயிறுகள் அடுத்தடுத்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒன்று செத்தவனுடையது. அடுக்குமாடிச் சுவரில் தொங்கிப் பெயின்ட் அடித்தவன். போன வாரம் கயிறு அறுந்து விழுந்தான். சுவர் விளிம்பில் உரசி அறுந்தது என்றார்கள்.

மற்றது அவள் புருஷன் மாசிலாமணியுடையது.

இரண்டு பேரும் ஒரே பெயின்டர் செட்டு. அதே கடையில் வாங்கிய கயிறு.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழுதில்லாத துண்டு ஒன்று வேண்டும் என்றார் பேராசிரியர். நான் கொண்டுவருகிறேன் என்றாள். கயிற்றில் கத்தி வைக்க மாசிலாமணி லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் வால் முனையில் விரலளவு நறுக்கிக் கொடுத்தான்.

“என் கயித்துக்கு எக்ஸ்ரேயா? எனக்கே இதுவரைக்கும் எவனும் எடுத்ததில்லடி.”

துண்டு கதிருக்கு முன்னால் சுற்றும். சுற்றச் சுற்றப் படம் விழும். எல்லாப் படத்தையும் சேர்த்து முழுக் கயிற்றையும் திரையில் எழுப்பிக் கொடுக்கும் கணினி. அப்புறம் கத்தியே வேண்டாம். திரையிலேயே உறையை உரிக்கலாம். நூல்களுக்கு நடுவே புகுந்து போகலாம்.

இரண்டிலும் வெளியுறை புதுசு மாதிரி இருந்தது.

உரித்தாள்.

செத்தவன் கயிற்றின் உள்ளே நூல்கள் ஓடவில்லை. குறுக்கே விண்டு கிடந்தன. மிதித்த சேமியா மாதிரி.

அடுத்ததை உரித்தாள்.

அதுவும்.

எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டியிருந்ததை மறுபடி பார்த்தாள். மாறவில்லை.

“உரசினது இல்லம்மா இது,” என்றார் பேராசிரியர். “ஆசிட் காத்து. மேலுறைக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள நைலான் தாங்காது. பேட்டரி எதுவும் பக்கத்துல இருந்துச்சா?”

சாவு வீட்டில் செத்தவன் பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுதது மறுபடி காதில் கேட்டது.

“சோறு போடுற கயிறுன்னு ஒருத்தர் கால் படவிட மாட்டாரே! இன்வெர்ட்டர் பேட்டரி மேலதான சுத்தி வெப்பாரு!”

செட்டில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஒற்றை அறை வீட்டில் கால் படாத இடம் அது ஒன்றுதான்.

இன்று காலையும் மாசிலாமணி கயிற்றை அதன் மேலிருந்துதான் எடுத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டு தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

மாசிலாமணிக்குப் போன் போட்டாள்.

எடுத்தது தாஸ். கீழே நின்று பெயின்ட் கலக்குகிறவன். மேலே ஏறுகிறவர்கள் போன் எல்லாம் அவனிடம்தான்.

“அண்ணன் கயித்துல தொங்குறாரு அண்ணி. இப்பத்தான் இறங்க ஆரம்பிச்சாரு.”

“தாஸ்... அவர...”

மேலே ஏறச் சொல்வதா? இறங்கச் சொல்வதா? அசையாதே என்பதா?

“என்ன அண்ணி, குரலே சரியில்ல?”

அவள் வாய் திறப்பதற்குள் அவன் மேலே பார்த்துக் கத்திவிட்டான்.

“அண்ணே! அண்ணி லைன்ல! அவசரமாம், சீக்கிரம் வாங்க!”

உயரத்தில் மாசிலாமணி சிரிப்பது போனில் கேட்டது.

“பொண்டாட்டி கூப்ட்டா குதிச்சே வருவேன்டா!”